இறந்த விலங்கிற்கு நாம் பட்ட கடன்: விலங்கு நோயியற் பயிற்சி பற்றிய ஓர் அறவியல் நோக்கு

கன்றை இழந்த பசுவொன்று அரண்மனை வாயிலிற் கட்டப்பட்டிருந்த ஆராய்ச்சி மணியை அசைத்த கதையை நாம் அனைவரும் அறிவோம். பெரியபுராணம் அதனை மனுநீதிச் சோழன்மேல் வைத்துக் கூறும். மகாவம்சம் அநுராதபுரத்திலிருந்து அரசோச்சிய எல்லாளன்மேல் வைத்துக் கூறும். இரு மரபுகளும் போற்றிய இக்கதையைக் கேட்குந்தோறும், மன்னன் தன் மைந்தனுக்கு விதித்த தண்டனையே நம் உள்ளத்தை ஈர்த்துக்கொள்கின்றது. ஆயின், தண்டனைக்கு முன்னர் மன்னன் செய்த செயல் ஒன்றுண்டு. மணியோசை கேட்டதும், இப்பசுவுக்கு நேர்ந்தது யாது என அவன் வினவினான். விலங்கொன்றின் சாவும் காரணம் வினவப்படுதற்கு உரியது என்னும் கருத்து அவ்வினாவிலே அடங்கியுள்ளது. தேர்க்காலில் அகப்பட்டு மடிந்த கன்றின் சாவுக்குக் காரணம் காண்பது எளிது. ஆனால், நம்மைச் சூழ வாழும் விலங்குகளுட் பெரும்பாலானவை கண்ணுக்குப் புலனாகாத காரணங்களால் மடிகின்றன. அவற்றின் பொருட்டு மணி அடிக்கப்படின் அதற்கு விடைகூறத் தக்கவர் யாவர்?

அவ்விடையைக் கூறுதற்கென்றே பயிற்றப்படுபவர் விலங்கு நோயியலாளர். மிருக வைத்தியப் பட்டம் பெற்ற ஒருவர், உயிருள்ள விலங்குகளுக்குச் சிகிச்சை செய்யச் செல்லாது, மேலும் பல ஆண்டுகளை இறந்த விலங்குகளின் உடலங்களையும், அவற்றினின்றும் வெட்டியெடுக்கப்பட்ட இழையத் துண்டங்களையும் ஆராய்வதிற் செலவிடுகின்றார். இது அறத்தின்பாற்பட்ட செயலா? நோயுற்ற பசு தொழுவத்தில் நின்று வருந்துகையில், அதனைக் குணப்படுத்த வல்லவர் ஆய்வுகூடத்திலே செத்த பசுவின் ஈரலை நுணுக்குக்காட்டியினூடாக நோக்கிக்கொண்டிருப்பது தகுமா? இவ்வினா அத்துறையினர்க்கு மட்டும் உரியதன்று. அறிவுக்காகத் தம் வாழ்நாளிற் சில ஆண்டுகளை ஒதுக்கும் ஒவ்வொருவரும், அவ்வாறு ஒதுக்குதற்கு இடங்கொடுக்கும் சமுதாயமும் எதிர்கொள்ள வேண்டிய வினா இது. ஆதலின் அதனைச் சற்று ஆராய்வோம்.

முதற்கண், இப்பயிற்சியின் தன்மையை அறிந்துகொள்ளுதல் வேண்டும். 1761ஆம் ஆண்டு இருவகையில் நினைவிற் கொள்ளத்தக்கது. அவ்வாண்டிலேயே இத்தாலியரான மோர்காணி, நோய்களின் இருப்பிடங்களையும் காரணங்களையும் இறந்தோர் உடலை ஆராய்ந்து விளக்கிய தமது பெருநூலை வெளியிட்டார். அதே ஆண்டிலேயே பிரான்சு நாட்டின் லியோன் நகரில் மிருக வைத்தியக் கல்லூரி ஒன்றை நிறுவுவதற்குக் குளோட் பூர்சலாவுக்கு அரச அனுமதி கிடைத்தது. ஐரோப்பாவின் மாட்டு மந்தைகளை அழித்துக்கொண்டிருந்த வெக்கை நோயே அக்கல்லூரி தோன்றுதற்குத் தூண்டுகோலாயிற்று. பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஜேர்மானியரான றூடொல்ப் வேர்க்கோ, நோயைக் கலங்களில் நிகழும் மாற்றமாக விளக்கினார். மனித வைத்தியத்திற்கும் மிருக வைத்தியத்திற்கும் இடையே கோடு கிழித்தல் பொருந்தாது என்பதும் அவர் கருத்து. அவரிடம் பயின்ற வில்லியம் ஒஸ்லர், கனடாவின் மொன்றியல் நகரிலே மருத்துவ மாணவர்க்கு மட்டுமன்றி மிருக வைத்திய மாணவர்க்கும் கற்பித்தார்.

இம்மரபின் தொடர்ச்சியாகவே இன்றைய பட்டப்பின் பயிற்சி அமைந்துள்ளது. அமெரிக்க மிருக நோயியலாளர் கல்லூரி 1949ஆம் ஆண்டிலும், ஐரோப்பியக் கல்லூரி 1995ஆம் ஆண்டிலும் உருவாயின. இவை பெயராற் கல்லூரிகளாயினும் வகுப்பறை கொண்டவையல்ல. பயிற்சிக்கு அளவுகோல் வகுத்துத் தேர்வு நடத்தும் அறிஞர் கழகங்களே. பட்டம் பெற்றபின் ஏறத்தாழ மூன்றாண்டு, தேர்ந்த நோயியலாளர் ஒருவரின் கீழிருந்து பயில வேண்டும். மாணவர் உடலங்களைத் தம் கையால் அறுத்து நோக்குவர். கண்ணாற் கண்டதை எழுதுவர். பின்னர் நுணுக்குக்காட்டியிற் கண்டதையும் எழுதுவர். முன்னதும் பின்னதும் முரண்படின் அம்முரண்பாட்டுக்கு விடை தேடுவர். ஒரே இழையத் துண்டத்தைப் பலர் கூடியிருந்து நோக்கி வாதிடுவர். இறுதியிலே கடுந்தேர்வு ஒன்று உண்டு. ஆராய்ச்சியை நாடுவோர் இவற்றின் மேலும் சில ஆண்டுகளைக் கலாநிதிப் பட்ட ஆய்விலே கழிப்பர். இவ்வாறு இளமையின் சிறந்த ஆண்டுகள் பல, எந்த ஒரு விலங்கையும் குணப்படுத்தாமலே கடந்துவிடுகின்றன.

இப்பயிற்சிக்கு எதிராக எழக்கூடிய முதலாவது தடை கருணையின் பெயரால் எழுவது. துன்புறும் உயிரைக் கண்டவிடத்து அத்துன்பத்தை நீக்குதலே அருளுடைமையாகும். துன்பம் முடிந்துபோன உடலை ஆராய்வது வெறும் அறிவு வேட்கையேயன்றி அருளாகாது என்பது இத்தடையின் சாரம். இதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. நான்கு பசுக்களை வைத்துப் பால் விற்றுச் சீவிக்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு பசு விழுந்துவிட்டது. அக்குடும்பத்திற்கு வேண்டியவர், அன்றே வந்து மருந்து கொடுக்க வல்ல வைத்தியரே. நோயியலாளர் அவ்விடத்துக்கு வரும்போது பசு செத்திருக்கும். அவர் கூறும் விடை எத்துணைச் செம்மையானதாயினும் அப்பசு எழுந்து நிற்கப் போவதில்லை.

ஆயினும், கருணை என்பது துன்பத்தைக் கண்டு இரங்கும் உணர்வு மாத்திரமா, அல்லது அவ்விரக்கத்தைப் பயனுறச் செய்யும் அறிவும் அதன் ஓர் உறுப்பா என்று கேட்டல் வேண்டும். வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே, நோய் இன்னதெனத் தெளிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, தணிக்கும் வழியையும் கண்டபின்னரே மருத்துவன் செயற்பட வேண்டும் என்கின்றார். அறிவில்லாத இரக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தெற்காசியாவின் அண்மைக்கால வரலாறே சான்றாகும்.

பிணந்தின்னிக் கழுகுகளின் அழிவையே இங்குக் கருதுகின்றேன். 1990களில் இந்தியாவிலும் அயல் நாடுகளிலும் அக்கழுகுகள் கூட்டங்கூட்டமாக மடியத் தொடங்கின. பரவும் நோயொன்றே காரணம் எனப் பலரும் ஐயுற்றனர். லின்ட்சி ஓக்ஸ் என்னும் அமெரிக்க மிருக வைத்திய அறிஞரும் அவர்தம் குழுவினரும் பாகிஸ்தானிலே இறந்த கழுகுகளைச் சேகரித்து அறுத்து ஆராய்ந்தனர். பெரும்பாலானவற்றின் உள்ளுறுப்புகள்மேல் யூரிக்கமிலம் வெண்பூச்சாகப் படிந்திருந்தது, சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன. நச்சுயிரையும் நுண்ணுயிரையும் தேடிக் காணாதவிடத்து, அவர்கள் வேறொரு வினாவை எழுப்பினர்: இக்கழுகுகள் உண்பது யாது? அவை உண்டவை இறந்த கால்நடைகள். அக்கால்நடைகளுக்கு நோவும் வீக்கமும் தணியும்பொருட்டு டைக்குளோபெனாக் என்னும் மருந்து கொடுக்கப்பட்டிருந்தது. சிறுநீரகம் கெட்டு மடிந்த கழுகுகளுட் சோதிக்கப்பட்ட 25இலும் அம்மருந்து காணப்பட்டது. பிற காரணங்களால் இறந்த 13இல் ஒன்றிலேனும் அது காணப்படவில்லை. 2004ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. 2006ஆம் ஆண்டில் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் ஆகிய நாடுகள் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்தன. கழுகுகளுக்குத் தீங்கு செய்யாத மெலொக்சிக்காம் என்னும் மாற்று மருந்தும் கண்டறியப்பட்டது.

இந்நிகழ்ச்சியிலே தீயவர் எவரும் இல்லை என்பதை நாம் கவனித்தல் வேண்டும். நொண்டி நடந்த மாட்டின்மேல் இரங்கி அதற்கு மருந்து கொடுத்தவர் செய்தது அருட்செயலே. எனினும் அவ்வருட்செயல்கள் பல்லாயிரம் ஒன்றுகூடி, வானில் வட்டமிட்ட ஓரினத்தையே அழிவின் விளிம்புக்குத் தள்ளின. தொழுவத்தில் நின்ற வைத்தியர் இதனை அறிந்திருக்க வேண்டும் என்று அவரைக் குறைகூறுவது நீதியன்று. தொழுவத்திலிருந்து பார்ப்பவருக்குக் கழுகின் சிறுநீரகம் தெரியாது. ஆகவே, இங்கே கடமை தனியொருவருடையதன்று; அத்தொழில் முழுவதற்கும் உரியது. சிலர் உயிருள்ளவற்றின் அருகில் நிற்கவேண்டுமாயின், வேறு சிலர் இறந்தவற்றின் அருகில் நின்றே ஆகவேண்டும். முன்னவர் இரக்கத்தின் கைகளாயின், பின்னவர் அதன் கண்களாவர். எனவே, கருணையின் பெயரால் எழுப்பப்பட்ட தடை, கருணையை முழுமையாக நோக்குமிடத்து வலுவிழந்துபோகின்றது.

அறிவு பெறுதல் ஒன்று; பெற்ற அறிவுக்கு உண்மையாய் நிற்றல் மற்றொன்று. இப்பயிற்சி ஒழுக்கப் பயிற்சியாகவும் அமைவதை 1999ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரில் நிகழ்ந்ததொன்று காட்டுகின்றது. அவ்வாண்டு கோடையில் அந்நகரிற் சிலர் மூளையழற்சியால் நோயுற்றனர். அது நுளம்பாற் பரவும் சென்ற் லூயிஸ் மூளையழற்சி எனச் செப்டெம்பர் மாத முற்பகுதியிலே சுகாதார அதிகாரிகள் அறிவித்தனர். அதே காலத்தில் நகரெங்கும் காகங்கள் இறந்து வீழ்ந்தன. புரொங்ஸ் விலங்கியற் பூங்காவிலே பூநாரை முதலிய பறவைகளும் மடிந்தன. அப்பூங்காவின் நோயியலாளரான திறேசி மக்னமாறா அவற்றை அறுத்து நோக்கியபோது மூளையிலும் இதயத்திலும் கடும் அழற்சியைக் கண்டார். சென்ற் லூயிஸ் நோய் பறவைகளின் உடலிலே தங்குமேயன்றி அவற்றைக் கொல்வது வழக்கமன்று. கோழிகள் நலமாயிருந்தமையால் கோழிகளை வாட்டும் வழமையான கொள்ளை நோய்களும் அல்ல. ஈமுப் பறவைகள் நலமாயிருந்தமையால் குதிரைகளையும் ஈமுக்களையும் தாக்கும் கிழக்கத்திய மூளையழற்சியும் அன்று. எனவே, மனிதரைப் பற்றி அறிவிக்கப்பட்ட நோய்முடிவும், தம் கண்முன் கிடந்த பறவைகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று அவர் கருதினார்.

இரு வேறு நோய்கள் ஒரே நகரில், ஒரே காலத்தில் தற்செயலாகத் தோன்றின என்று கொள்வது எளிது. அதிகாரிகள் முதலில் அவ்வாறே கொண்டனர். பறவைகளின் வைத்தியர் மனிதரின் நோயைப் பற்றிப் பேசுவதை வரவேற்பாரும் அதிகமில்லை. எனினும் அவர் விடாது வற்புறுத்தி, மாதிரிகளை வெவ்வேறு ஆய்வுகூடங்களுக்கு அனுப்புவித்தார். செப்டெம்பர் மாத இறுதியில் அது மேற்கு நைல் வைரசு எனத் தெளிவாயிற்று. 1937ஆம் ஆண்டில் உகண்டாவிலே முதன்முதல் கண்டறியப்பட்ட அவ்வைரசு, மேற்கு அரைக்கோளத்திலே அதற்கு முன்னர் காணப்பட்டதில்லை. அவ்வாண்டு நியூயோர்க் பகுதியில் ஏழு பேர் அதனால் உயிரிழந்தனர். இரு நோய்களும் நுளம்பாற் பரவுவன ஆதலின், அதுவரை செய்யப்பட்ட நுளம்பொழிப்பு வீண்போகவில்லை என்பதையும் சொல்லுதல் நேர்மையாகும். ஆயினும், வந்திருப்பது புதிய நோய் என்பதை உணர்த்தியவை இறந்த பறவைகளே. அவற்றின் சாட்சியத்தைப் பிறர் செவியில் ஏற்றியது பயிற்சி பெற்ற ஒருவரின் உறுதியே.

இவ்வுறுதி வெறும் பிடிவாதம் அன்று. பிடிவாதக்காரன் தான் நினைத்ததற்குச் சான்று தேடுகின்றான். நோயியலாளரோ தாம் கண்டதற்கு நினைப்பைப் பணியச் செய்கின்றார். மேலே கூறிய பயிற்சியிலே, கண்டதை முதலில் எழுது, முடிவைப் பின்னர் எழுது என்னும் நியதி நாள்தோறும் வலியுறுத்தப்படுகின்றது. காணாததைக் கண்டதாக எழுதாமை, தெரியாததைத் தெரியாதென ஒப்புக்கொள்ளுதல், மேலோர் கூறினும் பொருந்தாததைப் பொருந்தாதெனல் ஆகியவை அறிவின் விதிகளாயிருப்பதோடு வாய்மை என்னும் அறத்தின் கூறுகளுமாம். வாய்மையை நூலிற் கற்கலாம். பழக்கமாக்குதற்கு ஆண்டுகள் வேண்டும். பயிற்சி நெடியதாயிருப்பதன் நியாயம் இதுவே என்பது என் கருத்து.

இனி, இரண்டாவது தடையை நோக்குவோம். இது முன்னதினும் வலியது. விலங்கு நோயியலாளர் ஆராய்பவை யாவும் தாமாக இறந்த விலங்குகள் அல்ல. மருந்துகளின் நச்சுத்தன்மையைச் சோதிக்கும் ஆய்வுகூடங்களிலே பணிபுரிவோர் பலர். மனித நோய்களை விளங்கிக்கொள்ளும்பொருட்டு நோயூட்டப்பட்ட எலிகளையும் முயல்களையும் ஆராய்வோர் பலர். அமெரிக்காவிலே இத்தகைய ஆராய்ச்சிப் பயிற்சிக்கு மனித நலத்தை நாடும் தேசிய சுகாதார நிறுவனங்களும் நிதி வழங்குகின்றன. விலங்கின் துன்பத்தைத் தணிக்கவென உறுதிபூண்ட ஒருவர், கொல்வதற்கென்றே வளர்க்கப்பட்ட விலங்கின் இழையத்தை வாசிப்பது முரண்பாடல்லவா?

இம்முரண்பாட்டை மறைக்கும் இரு வழிகள் உண்டு. விலங்குகள்பால் நமக்கு நேரான கடமை இல்லை, அவற்றைக் கொடுமைசெய்வோர் மனிதர்மீதும் கொடியராவர் என்பதனாலேயே அவற்றிடம் அன்பு வேண்டும் என்றார் காண்ட். இது ஒரு வழி. துன்பத்தையும் இன்பத்தையும் தராசிலிட்டு, பலரின் நலம் சிலரின் துன்பத்தினும் மிகுமாயின் கணக்குத் தீர்ந்தது என்று கொள்வது மற்றொரு வழி. பயன்வாதத்தின் முதல்வரான பெந்தாம், விலங்கு சிந்திக்க வல்லதா என்பதன்றித் துன்புற வல்லதா என்பதே வினா என உணர்த்தியவர். ஆயின் அவர் வகுத்த கணக்கினுள் அகப்பட்ட தனி விலங்குக்கு அக்கணக்கு ஆறுதல் தருவதில்லை. முன்னது விலங்கை மறக்கின்றது; பின்னது தனியொரு விலங்கை மறக்கின்றது.

நான் மூன்றாவது வழியொன்றைக் கூற விரும்புகின்றேன். தாமாக இறந்த விலங்கை ஆராயும்போது நாம் அதற்குத் தீங்கு செய்வதில்லை. அறிவுக்காகவே கொல்லப்பட்ட விலங்கினிடமோ நாம் கடன்படுகின்றோம். பலருக்கு நன்மை விளைந்தது என்பதனால் அக்கடன் இல்லாது போவதில்லை; கடனாகவே நிற்கின்றது. மேலே கூறிய கழுகு ஆராய்ச்சியிலும், காரணத்தை உறுதிப்படுத்தும்பொருட்டுச் சில கழுகுகளுக்கு அம்மருந்து ஊட்டப்பட்டது. அவையும் அதே நோய்க்கு ஆளாயின. கழுகினத்தைக் காக்கும் முயற்சியே சில கழுகுகளிடம் கடன்பட்டது. இதனை நியாயமென ஏற்கும் நான், செலவில்லாத நியாயமென ஏற்கமாட்டேன்.

கடனெனின் அதனை இறுக்கும் வழியும் உண்டு. 1959ஆம் ஆண்டிலே றசலும் பேர்ச்சும் வெளியிட்ட நூலொன்று, விலங்குச் சோதனையிற் கடைப்பிடிக்க வேண்டிய மூன்று நெறிகளை வகுத்தது: விலங்குக்கு மாற்றுக் காணுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல். இம்மூன்றனுள் ஒவ்வொன்றும் தேர்ந்த கண்ணை வேண்டிநிற்கின்றது. பயிற்சியற்றவர் இருபது விலங்குகளில் ஐயுறுவதைப் பயின்றவர் பத்து விலங்குகளிலேயே தெளிதல் கூடும். அரைகுறையாக வாசிக்கப்பட்ட இழையம், வீணாகக் கொல்லப்பட்ட உயிர் ஆகும். எனவே, விலங்கினிடம் கடன்பட்டவர்க்குத் திறமை ஒரு கடமையாகின்றது. அவ்வாறு பெற்ற அறிவு விலங்கினத்துக்கும் திரும்பிச் செல்லுதல் வேண்டும் என்பது அதன் அடுத்த நிலை.

அவ்வாறு திரும்பிச் சென்றமைக்கு மாட்டு வெக்கை நோயின் வரலாறே தலைசிறந்த சான்று. லியோன் கல்லூரி தோன்றுதற்குக் காரணமாயிருந்த அந்நோய், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆபிரிக்காவின் மந்தைகளை வாரிக்கொண்டு போயிற்று. இலங்கையிலும் 1987ஆம் ஆண்டில் மீண்டும் தலைகாட்டி, 1994ஆம் ஆண்டின் பின்னர் மறைந்தது. 1960களை ஒட்டிக் கென்யாவிலே வோல்ற்றர் பிளோறைற் என்னும் மிருக வைத்தியர் உருவாக்கிய தடுப்பு மருந்து, கன்றுகளின் சிறுநீரகக் கலங்களிலே வைரசை வளர்த்துப் பெறப்பட்டதாகும். 2011ஆம் ஆண்டில் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. மனித முயற்சியால் முற்றாக ஒழிக்கப்பட்ட நோய்களுள் பெரியம்மைக்கு அடுத்தது இதுவே. கன்றுகளிடம் பட்ட கடன், பிறக்கவிருந்த எண்ணிறந்த கன்றுகளுக்கு இறுக்கப்பட்டது. மனிதனின் உணவும் உழவும் இதனாற் காக்கப்பட்டன என்பது உண்மையே. ஆனால், நம் நலமும் விலங்கின் நலமும் ஒருங்கு கூடுமிடத்து, நம் நலம் கலந்தமையால் அச்செயல் மாசுபட்டது எனக் கொள்ளவேண்டியதில்லை.

மூன்றாவது தடை நம்மைப்போன்ற சிறிய நாடுகளில் எழுவது. இலவசக் கல்வியாற் பட்டம் பெற்ற ஒருவர் பட்டப்பின் பயிற்சிக்காகக் கடல்கடந்து செல்கின்றார், பலர் மீள்வதில்லை. கற்பித்த மக்களுக்கு அவர் கடன்பட்டவர் என்பதை எவரும் மறுக்க இயலாது. ஆயின், கடன் ஒருபக்கமாய் இருத்தல் அரிது. நுணுக்குக்காட்டியும் சாயமும், மாதிரியைக் குளிரிற் காத்துக் கொண்டுவரும் வழியும், தம்முடன் வாதிடத் தக்க இரண்டொரு சகபாடிகளும் இல்லாதவிடத்து நோயியலாளரின் பயிற்சி துருப்பிடித்துப்போகும். மீண்டு வருக என அழைக்கும் சமுதாயம், மீண்டு வந்தவர் பணியாற்றத்தக்க இடத்தையும் அமைத்துவைத்தல் வேண்டும். அதனைச் செய்யாது தேசபக்தியை மட்டும் உபதேசிப்பது, உழவனுக்கு ஏர் கொடாது உழவின் பெருமையை உரைப்பது போலாகும். இடம் அமைந்தபின்னரும் வரமறுப்பவரோ தம் மனச்சான்றுக்கு விடைகூறக் கடமைப்பட்டவர்.

இதுகாறும் கூறியவற்றால், இறந்த விலங்கின் அருகிற் கழியும் ஆண்டுகள் உயிருள்ள விலங்கைப் புறக்கணித்த ஆண்டுகள் அல்ல என்பது பெறப்படும். ஆயினும், அவை அவ்வாறு அமைதற்கு மூன்று நிபந்தனைகள் உள. கண்டதற்கு உண்மையாய் நிற்றல் வேண்டும். கொல்லப்பட்ட உயிரை வீணாக்காதிருத்தல் வேண்டும். பெற்ற அறிவு தொழுவத்துக்குத் திரும்பிச் செல்லுதல் வேண்டும். இறுதி நிபந்தனையே மிகவும் மறக்கப்படுவது. ஆய்வேட்டிலே அடங்கிவிட்ட நோய்முடிவு, நான்கு பசுக்களுள் ஒன்றை இழந்த அக்குடும்பத்தின் காதில் விழாதாயின், எஞ்சிய மூன்றுக்கும் அது பயன்படாது.

செத்த பசுவை எழுப்ப எவராலும் முடியாது. கதையில் வரும் மன்னனாலும் தன் நீதியால் அதைச் செய்திருக்க முடியாது. ஆனால், அது ஏன் செத்தது என வினவவும், அவ்வினாவுக்கு நேர்மையான விடை தேடவும், அவ்விடையை எஞ்சியிருக்கும் உயிர்களின் பொருட்டுப் பயன்படுத்தவும் நம்மால் இயலும். அதற்கெனச் சிலரைப் பயிற்றுவது, மணியோசை கேட்கும் நிலையிலே தன்னை வைத்துக்கொள்ள விரும்பும் எந்தச் சமுதாயத்துக்கும் உரிய கடமையாகும்.